நாற்பத்திரண்டு எழுத்து

வயசு வரிசையில் நீ எனக்கு வரவில்லை, கோரின் ஹாஸ்கெட்.
முதலில் வந்தபோது உனக்கு ஐம்பத்தெட்டு,
மகனின் கல்யாணத்தில் நாற்காலி அடுக்குகிற தாய்.
மொத்தம் ஒன்பது வரி.
அடுத்த கிழமை வந்த கோப்பில் இருபத்திரண்டு வயது,
ஏரிக்கரையில் மையித்தாகக் கிடந்தாய்.
பொலிஸ்காரர் இரண்டு பேர் தலைமாட்டில் நின்று கோப்பி குடித்தார்கள்.
உனக்கு வரியே இல்லை.
நிமிசக் கணக்கில் கூலி என்பதால்
நீ செத்துக்கிடந்த நாலு நிமிசத்துக்கும் காசு வந்தது.
மகன் அத்னானுக்குச் சப்பாத்து வாங்கினேன்.

சாய்ந்தமருது. கடற்கரை வீதியிலிருந்து இரண்டு வளவு உள்ளே.
ஜன்னல் கம்பியில் கட்டின ரவுட்டர்,
உப்புக்காற்றுத் தின்ற மடிக்கணினி,
மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது.
வீடு படுத்த பிறகு
உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.
வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து,
மேலே போனால் சிவக்கும்.
உன் ஆங்கிலம் நெத்தலி, என் தமிழ் சூரை,
ஒரே பெட்டிக்குள் அடைக்கச் சொல்கிறார்கள்.

முப்பத்தொன்றில் நீ வக்கீல்.
மூன்று சீசன், தோள் உயர்த்தின கோட்டு.
நாலாம் சீசனில் உன் மேசையில் வேறொருத்தி.
கந்தோரில் எவரும் எதுவும் கேட்கவில்லை.
உன் கோப்பையில்தான் அவளும் குடித்தாள்.
அதற்குப் பிறகு ஏழு வருசம்
நீ ஒரு கோப்பிலும் இல்லை.
திரும்பி வரும்போது தாயாகி வந்தாய்,
உன்னைவிட ஆறே வயது குறைந்த ஒருத்தனுக்கு.
விண்கப்பலில் வைத்தியராய் வந்து
இரண்டாம் நாளே வெடித்தாய்.
ஓர் ஆமைக்குக் குரல் கொடுத்தாய்.
அத்னான் அந்த ஆமையைப் பார்த்து உருண்டு சிரித்தான்,
ஏரிக்கரையில் கிடந்தவள் அதுதான் என்று
நான் சொல்லவில்லை.

எல்லாவற்றிலும் ஓரிடம் வரும்.
குசினியில் நிற்பாய்.
முதுகுப்பக்கம் யாரோ கேட்பான்,
நீ திரும்பாமல் இரண்டே சொல் சொல்வாய்.
நான் நன்றாக இருக்கிறேன் என்று
எங்கட ஊரில் எந்தப் பொம்புளை சொல்லியிருக்கா?
நான் போட்டேன்: ஒண்டுமில்ல.

சென்னையிலிருந்து சரிபார்க்கிற ஆளின் பெயர் தெரியாது,
வி.எஸ்.ஆர். என்று மட்டும் விழும்.
திருத்தி அனுப்புவார்: நான் நலம்.
கீழே குறிப்பு: வட்டார வழக்கு தவிர்க்கவும்.
நலமாம்!
அவள் என்ன கடிதமா எழுதுகிறாள்?
நூற்றிப்பதினாறு தரம் போட்டேன்,
நூற்றிப்பதினாறு தரமும் அழித்தார்.

நேற்று வந்தது படமில்லை, பேட்டி.
எழுபத்தொரு வயது. மேக்கப் இல்லை.
கழுத்தைச் சால்வையால் மூடியிருந்தாய்.
பொடியன் ஒருத்தன் கேட்கிறான்,
நாற்பத்தொன்பது வருசம் எப்படிப் போனதென்று.
"பெரும்பாலும் குசினிகளில் நின்றேன்" என்றாய்.
"ஒரு குசினியிலும் பைப்பில் தண்ணீர் வரவில்லை."
அவன் சிரித்தான். நீயும் சிரித்தாய்.
நீ நிறுத்திய பிறகும் அவன் நிறுத்தவில்லை.
பிறகு, களைப்பா, கொஞ்சம் நிறுத்துவோமா என்றான்.
நீ கமராவைப் பார்க்காமல்
அதே இரண்டு சொல்.

கை தானாகப் போட்டது.
வி.எஸ்.ஆர். லீவாம்,
கோப்பு அப்படியே போய்விட்டது.
இனி எங்கேயோ யாருடைய திரைக்கோ அடியில்
ஒன்றரைச் செக்கன் அது நிற்கும்.
ஆறு எழுத்து, கோரின்.
மிச்சம் முப்பத்தாறு இடமும் வெறும் இடம்.

சுபஹுக்குப் பாங்கு முடிய
பாண் ஆட்டோ சந்தியில் பாட்டோடு திரும்பிற்று.
"என்ன ராத்தா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?"
என்றான் ஜெஸீல்.
நான் பாணை அமத்திப் பார்த்து
ஒரு றாத்தல் எடுத்து
மிச்சக்காசை எண்ணினேன்.
பத்து ரூபா குறைந்தது.